புரட்டாசி வெயிலில் காயும் புல்

இமயமலைச் சரிவில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பரணைத்தான் பார்ப்பேன். மாடு என்ன இனம், எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதெல்லாம் அப்புறம். பரணில் எவ்வளவு புல் கிடக்கிறது, அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் அந்த வீட்டு மாடு பங்குனி மாதம் எந்தக் கோலத்தில் நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

ஹிமாச்சலின் குல்லு, மண்டி, சம்பா மாவட்டங்களில் உயரத்தில் இருக்கும் ஊர்களில் கார்த்திகை பிறந்ததும் புல் வளர்வது நின்றுவிடும். மாசி முடியும்வரை, பனி அதிகம் விழுந்த வருடங்களில் பங்குனி பாதிவரை, சேர்த்து வைத்ததைத்தான் போட்டாக வேண்டும். 250 கிலோ எடையுள்ள சின்ன மலைமாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ உலர்தீவனம் என்று வைத்தாலும் நான்கு மாதத்துக்கு ஏழு குவிண்டாலுக்கு மேல் ஆகிறது. ஒரு பெண் முதுகில் கட்டிச் சரிவில் இறக்கிவரும் சுமை முப்பது கிலோ போல இருக்கும். ஒரு மாட்டுக்கே இருபத்துநான்கு நடை. இரண்டு மாடும் ஒரு கன்றும் உள்ள வீட்டுக்கு அந்தக் குளிர்காலம் எத்தனை நடை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

நான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தவள். அங்கே தீவனப்பயிர் என்றால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், குதிரைமசால், வேலிமசால், தீவனச்சோளம். தண்ணீர் இருந்தால் வருடம் முழுக்க வெட்டலாம். இன்று வெட்டியதை இன்றே போடலாம். வேலை பாலம்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தௌலாதார் மலைத்தொடரின் காலடியில், 1,200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் ஊர். வருடத்துக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். அங்கிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறினாலும் ஆறு ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அந்த ஆறு டிகிரியில் புல்லின் உலகமே மாறிவிடுகிறது. பாலம்பூரில் வரப்பெல்லாம் செட்டேரியா செழிக்கும். அது வெயில் விரும்பும் இனம். 2,000 மீட்டரைத் தாண்டினால் அதற்கு உடம்பு தேறாது. அங்கே டால் ஃபெஸ்க்யூ, ஆர்ச்சர்டு புல், ரைகிராஸ், வெள்ளை க்ளோவர், சிவப்பு க்ளோவர். இவற்றுக்கு 15 முதல் 25 டிகிரிதான் பிடித்தம். பனி உருகியதும் முதலில் கண் விழிப்பவை இவை.

புதிய இனம், புதிய விதை, எக்டருக்கு எத்தனை டன் என்பதுதான் எங்கள் துறையின் பேச்சு. 1970-ல் தொடங்கிய அகில இந்தியத் தீவனப்பயிர் ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் அந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனால் குளிர்கால மாட்டின் வயிற்றைத் தீர்மானிப்பது விதையைவிடப் புல்லை வெட்டும் தேதியும், வெட்டியபின் வரும் நான்கைந்து நாளும்தான். என் பணிக்காலம் முழுவதும் பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மலை ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காஸ்னி உண்டு. பயிரிட முடியாத செங்குத்துச் சரிவில், தனக்கென்று எல்லை போட்டு, புல்லுக்காகவே விட்டு வைத்த நிலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காஸ்னியை மூடிவிடுவார்கள். அதன்பின் அதில் ஆடு மாடு இறங்கக் கூடாது. கட்டுப்பாட்டை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. தாழ்ந்த சரிவுகளில் கிரைசோபோகன், தெமெடா, ஊசிப்புல் எல்லாம் கலந்து இடுப்புயரம் வளரும். ஊசிப்புல்லை விதை முற்றும்வரை விட்டால் அதன் கூர்முனை செம்மறியாட்டின் ரோமத்துக்குள் புகுந்து தோலைத் துளைக்கும். மாட்டின் வாயையும் கிழிக்கும்.

நமக்குப் புரட்டாசி பிறக்கும் அதே நாளில் அங்கே அசோஜ் மாதம் பிறக்கிறது. அன்றைக்குச் சாயிர் பண்டிகை. மழைக்காலம் முடிந்ததைக் கொண்டாடும் நாள். அதற்குப் பிறகுதான் காஸ்னி திறக்கும். குல்லு தசரா தொடங்குவதற்குள் புல் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று வேகம் காட்டுவார்கள். மாற்றாள் வேலைதான், இன்று உன் காஸ்னி, நாளை என் காஸ்னி. பத்துப் பெண்கள் வரிசையாக நின்று மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு இறங்கும்போது அரிவாள் சத்தம் பள்ளத்தாக்கின் அடுத்த கரையில் கேட்கும்.

சங்கடம் என்னவென்றால், அந்தப் புல் பூத்தது ஆவணியில். புரட்டாசிக் கடைசியில் வெட்டும்போது தண்டு வெளுத்து, விதை கொட்டி, நின்றபடியே பாதி காய்ந்திருக்கும். பூக்கும் தருணத்தில் 7, 8 சதவீதம் இருந்த புரதம் அப்போது 3, 4 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். மாட்டின் முதல் வயிற்றில், ரூமன் என்கிறோமே அதில், புல்லைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். அவை பிழைத்துப் பெருகத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதப் புரதமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நுண்ணுயிர் சோர்ந்துவிடும். நார் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு அடுத்த வாய் தின்னாது. முன்னால் புல் குவிந்து கிடக்க, மாடு எலும்பும் தோலுமாக நிற்பதை மாசி மாதத்தில் எத்தனையோ கொட்டகைகளில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் இருபத்துநான்கு நடை நடந்தது பொய்யில்லை. அந்தப் புல்லில் சத்து இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் முன்னாலேயே வெட்டச் சொல்லலாமே என்று நகரத்துக் கூட்டங்களில் எளிதாகக் கேட்பார்கள். தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஒரு மூதாட்டியிடம் நானும் கேட்டேன்.

"அம்மாஜி, ஆவணியிலேயே வெட்டினா என்ன?"

அவர் கையில் இருந்த புல்லை முறுக்கிக் காட்டினார். "மகளே, இது முறுக்கினா ஒடியணும். ஆவணியில வெட்டினது ஒடியாது, வளையும். வளையுற புல்லைக் கட்டி வெச்சா பத்து நாள்ல பூஞ்சை. முத்தினதையாவது மாடு திங்கும். பூஞ்சை பூத்ததைத் தின்னா கன்னு விழும்."

ஆய்வகத்தில் ஈரப்பதமானி வைத்து அளப்பதைத்தான் அவர் விரலால் அளந்தார். பச்சைப் புல்லில் நூற்றுக்கு 75, 80 பங்கு தண்ணீர். அது 15 பங்குக்கு வந்தால்தான் பரணில் வைக்க முடியும். 20-க்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். முறுக்கியதும் நொறுங்கி ஒடியும் புல், நகத்தால் சுரண்டினால் தோல் உரியாத தண்டு, இவை அந்தப் பக்குவத்தின் அடையாளம். மழைக்காலத்தில் வெட்ட மாட்டேன் என்று அவர் சொன்னது பழக்கத்தின் பிடிவாதமாக எனக்குப் படவில்லை. எதைக் காப்பாற்ற முடியும் என்று கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. ஆகவே அவரை மாற்றுவதைவிட, காயும் நாட்களைக் குறைப்பதே என் வேலையாக இருந்தது. பருவமழை அந்தப் பக்கத்தில் செப்டம்பர் கடைசி வாரத்தில் விடைபெறும். அதற்கு முன்பே, மாத நடுவில், இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கும் இடைவெளிகள் வரும். அந்த இடைவெளியில் வெட்டிய புல்லைத் தரையில் படாமல் காய வைத்துவிட்டால் பதினைந்து நாள் முந்தலாம். அந்தப் பதினைந்து நாளிலும் புரதம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பதால் அது சின்ன விஷயமல்ல.

ஆல்ப்ஸ் மலையிலும் நார்வேயிலும் மழை ஓயாத ஊர்களில் புல்லைக் கழிகளிலும் கம்பிகளிலும் தொங்கவிட்டே காய வைத்து வந்திருக்கிறார்கள். குல்லுப் பக்கத்திலும் மரக்கிளைகளில் புல்லைத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. வாதுமை மரத்தின் கவட்டையில் பெரிய பெரிய புல்கட்டுகள் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் அது காய்ந்த பிறகு சேமிக்கும் முறை. எங்களுக்கு வேண்டியிருந்தது பச்சையாக இருக்கும்போதே ஏற்றும் சட்டம். மூன்று கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, கீழே அகட்டி, முழங்கால் உயரத்தில் ஒன்றும் இடுப்பு உயரத்தில் ஒன்றுமாகக் குறுக்குக் கழி கட்டினால் முக்காலி தயார். அரை நாள் தரையில் வாடிய புல்லைக் கீழ்க் கழியில் தொடங்கி மேலே மேலே போர்த்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே கூடாக இருக்கும். காற்று கீழிருந்து நுழைந்து மேலே போகும். மழை வந்தால் வெளிப்போர்வை மட்டும் நனையும். தண்ணீர் தண்டு வழியாக வடிந்துவிடும். தரையில் கிடந்த புல் ஒரு மழைக்குக் கறுத்துப்போன அதே தோட்டத்தில் முக்காலியில் இருந்த புல் பச்சை மாறாமல் இறங்கியது.

கழிக்கு எங்கே போவது என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மூங்கில் அங்கே காசு கொடுத்தால்தான் கிடைக்கும். விடையை ஒரு மருமகள்தான் சொன்னாள். ஆப்பிள் காய்த்துத் தொங்கும்போது கிளை முறியாமல் இருக்க முட்டுக்கழி கொடுப்பார்கள். அந்த உயரத்தில் செப்டம்பர் நடுவில் பறிப்பு முடிந்துவிடும். முட்டுக்கழி எல்லாம் தோட்டத்து ஓரத்தில் சும்மா சாய்ந்து கிடக்கும். மறு வருடம் ஆனி, ஆடிவரை அதற்கு வேலை இல்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஆப்பிள் தோட்டக்காரரிடம்தான் பேசுவேன்.

புல்லோடு க்ளோவர் கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் இலை ஒரு நாளில் காய்ந்துவிடும். தண்டு நான்கு நாள் கேட்கும். புரதத்தில் பெரும்பங்கு இலையில்தான். உச்சி வெயிலில் புரட்டிப் போட்டால் இலை நொறுங்கி மண்ணில் கொட்டிவிடும். வீட்டுக்கு வருவது வெறும் குச்சி. அதிகாலையில், பனி ஈரம் இலையில் இருக்கும்போதே புரட்ட வேண்டும். பெண்களுக்கு அந்த நேரம் கறவை, அடுப்பு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். இதையும் சேர்த்தே பேச வேண்டும். புரட்டும் வேலையை ஆண்கள் ஏற்றுக்கொண்ட வீடுகளில் மட்டும் க்ளோவர் உலர்புல் இலையோடு பரணுக்குப் போனது.

அரைகுறையாகக் காய்ந்ததை அடைத்து வைப்பதில் பூஞ்சையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஈரப்புல் கட்டுக்குள் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 70 டிகிரியைத் தாண்டினால் தானாகவே தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும். போருக்குள் கையை விட்டுப் பார்க்கும்போது சுட்டால், கருகிய வெல்ல வாசனை அடித்தால், உடனே பிரித்துக் கொட்ட வேண்டும். குல்லுவின் பழைய வீடுகள் கல்லும் தேவதாரு மரமும் அடுக்கிக் கட்டியவை. கீழே மாடு, மேலே மனிதர், பக்கத்திலேயே குளிர்காலப் புல்லும் விறகும். எந்தக் காரணத்தால் தீ பிடித்தாலும் அது நிற்க வழியில்லை. 2008 ஜனவரியில் மலானா கிராமத்தில் வீடுகள் எரிந்தபோது அந்த மாவட்டமே கலங்கியது. புல்லை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள் என்று சொன்னால், பனியில் தினமும் யார் போய் எடுத்து வருவது என்ற கேள்வி வரும். கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுவாக ஒரு புல்கொட்டகை, அதில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்கு எடுப்பது என்பதே நடைமுறைக்கு ஒத்துவந்தது.

விதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மலைக்காரர்களுக்குத் தனியாகத் தீவன நிலம் இல்லை. ஹிமாச்சலில் சராசரிப் பட்டா ஒரு எக்டருக்கும் குறைவு. அதிலும் அடுக்கடுக்கான வயல்கள். மக்காச்சோளத்துக்கும் பட்டாணிக்கும் ஆகும் வயலைப் புல்லுக்குக் கொடு என்று யாரும் கேட்க முடியாது. இருக்கும் இடம் ஆப்பிள் மரத்தடி. அங்கே வெள்ளை க்ளோவரும் ஆர்ச்சர்டு புல்லும் கலந்து போட்டால் நிழலிலும் வரும், மண் அரிப்பையும் தடுக்கும். க்ளோவர் வேர்முடிச்சுகள் நன்றாக வேலை செய்யும் இடத்தில் ஒரு எக்டரில் வருடத்துக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்து சேரும். விதை கடுகைவிடச் சிறியது. ஒரு கிலோவில் 15 லட்சத்துக்குக் குறையாது. அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் புதைத்தால் முளை மேலே வராது. முதன்முறை போடும் நிலத்தில் க்ளோவருக்கு உரிய ரைசோபியத்தை விதையில் பூச வேண்டும். மரத்துக்குக் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடித்தால் அந்தப் புல்லைக் குறிப்பிட்ட காலம்வரை மாட்டுக்குக் காட்டக் கூடாது. இதைச் சொல்லாமல் ஆப்பிள் தோட்டத்தில் புல் வளர்க்கச் சொல்வது பாவம். பசித்த மாட்டை ஈரமான க்ளோவரில் அவிழ்த்துவிட்டால் வயிறு உப்பி, அரை நாளில் உயிரே போகும். முதலில் கொஞ்சம் உலர்புல் போட்டு, அப்புறம் விடுவதே முறை.

ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விதைப்பொட்டலம் கொடுக்க வேண்டிய ஓர் அலுவலகத்திலிருந்து க்ளோவர் விதை மார்கழியில் வந்து சேர்ந்தது, நிலம் உறைந்து கிடக்கும்போது. வாங்கி வைத்த பெண்கள் சித்திரையில் போட்டுப் பார்த்தார்கள். வெயிலில் களை முந்திக்கொண்டது. "உங்க புல் எங்க மலைக்கு ஆகாது" என்று அவர்கள் சொன்னபோது அந்த விதையின்மேல் பழி விழுந்தது. அந்த ஊரில் மறுபடி பேச்சைத் தொடங்கவே வருடங்கள் ஆயின. தாமதமாக வந்த விதையை வாங்கி விநியோகிப்பதைவிடத் திருப்பி அனுப்புவது நல்லது.

ஓட்ஸ் அந்த மலைகளுக்குக் கிடைத்த வரம். ஐப்பசியில் விதைத்தால் குளிரில் தரையோடு ஒட்டிக் கிடந்து, பங்குனியில் எழுந்து, சித்திரை, வைகாசியில் கதிர் விடும். காஷ்மீரில் நெல் அறுத்த வயலிலேயே ஓட்ஸ் போட்டு, அடுத்த நாற்று நடுவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். கென்ட் என்ற பழைய ரகமும் பாலம்பூர்-1 ரகமும் நான் அதிகம் கையாண்டவை. ஓட்ஸ் கதிர் விடும் நேரத்தில் எல்லா வீட்டிலும் பச்சை மிதமிஞ்சி இருக்கும். தின்றது போக மிச்சத்தை உலர்த்தலாம் என்றால் தண்டு பருமன்; காய நாளாகும். அதற்குத்தான் சைலேஜ் என்கிற ஊறுகாய்ப்புல். சைலேஜ் என்றால் பெரிய குழி, டிராக்டர் ஏறி மிதிக்க வேண்டும் என்றே எங்கள் கையேடுகளில் இருக்கும். அடுக்கு வயலில் டிராக்டர் எங்கே? தடித்த பாலித்தீன் பைதான் மலைக்கு ஏற்றது. ஒரு பை நாற்பது, ஐம்பது கிலோ.

கதிரில் பால் பிடித்து இறுகத் தொடங்கும் சமயத்தில் வெட்டுவோம். அரை நாள் வாட விட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவோம். ஒரு கைப்பிடி எடுத்து உருண்டையாக இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால், உருண்டை மெதுவாக அவிழ வேண்டும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். சட்டென்று உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம். பையில் நாலு விரல் கனத்துக்குப் போட்டு, ஒரு சிறுவனை உள்ளே இறக்கி மிதிக்கச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஊறுகாய் ஜாடியை வாய்வரை அமுக்கி, காற்றுப் புகாமல் துணி கட்டுவதற்கு எவ்வளவு சிரத்தை எடுப்போமோ அவ்வளவு சிரத்தை இதற்கும் வேண்டும். காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமிலம் உண்டாகும். புளிப்பு 4 என்ற பிஎச் அளவுக்கு வந்ததும் புல்லைக் கெடுக்கும் பாக்டீரியா வளராது. நாற்பத்தைந்து நாளில் தயார். குளிரான இடத்தில் இன்னும் பொறுக்க வேண்டும். பிரித்தால் இளம் மஞ்சள் கலந்த பச்சை, பழம் புளித்த வாசனை. நாற்றம் குடலைப் புரட்டினால், விரலில் பிசுக்கென்று ஒட்டினால், அதை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். மனம் கேட்காமல் மாட்டுக்குப் போடக் கூடாது. க்ளோவரை மட்டும் தனியாகப் பையில் போட்டால் புளிப்பு ஏறாது. ஓட்ஸோடு கலக்கலாம், அல்லது கொஞ்சம் வெல்லப்பாகு சேர்க்கலாம்.

பையின் எதிரி எலியும் குரங்கும். ஒரு துளை போதும், உள்ளே ஒரு முழம் கறுத்துவிடும். தகரப் பெட்டியிலோ, பழைய தானியக் குதிரிலோ வைத்த வீடுகளில் மட்டுமே மார்கழிவரை பை தாக்குப்பிடித்தது. தை மாதம், கன்று ஈன்ற மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோ சைலேஜ் போட்ட முதல் வாரத்திலேயே பால் கூடியதைப் பார்த்த ஒரு பெண், மறு வருடம் பட்டாணி போட வைத்திருந்த வயலில் ஒரு பாத்தியைத் தானாகவே ஓட்ஸுக்கு ஒதுக்கினாள். எத்தனை வயல்நாள் விழா நடத்தினாலும் அப்படி ஒரு பாத்தி கிடைத்திருக்காது.

இப்போது பஞ்சாபிலிருந்து கோதுமை வைக்கோல் லாரி லாரியாக மலை ஏறுகிறது. காசு இருக்கிறவர்கள் வாங்கிவிடுகிறார்கள், காஸ்னிக்குப் போவதில்லை. மூட்டு தேய்ந்த பெண்களைப் பார்க்கும்போது வாங்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் கோதுமை வைக்கோலில் புரதம் 3 சதவீதம்தான். நூறு கிலோவுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் 7 சதவீதத்தை எட்டும். சமவெளியில் இருபத்தொரு நாள் போதும். மலைக்குளிரில் அந்த வினை மெதுவாக நடக்கும். ஐந்தாறு வாரம் மூடி வைக்க வேண்டும். அதனால் வெயில் இருக்கும் புரட்டாசி, ஐப்பசியிலேயே செய்துவிட வேண்டும். சமவெளிக்கு எழுதிய துண்டுப்பிரசுரத்தை அப்படியே மொழிபெயர்த்து மலையில் கொடுப்பதால்தான் இது பல ஊர்களில் தோற்றது.

வெட்டாமல் விட்ட காஸ்னியில் உண்ணிச்செடியும் பெரணியும் ஏறிக்கொள்கின்றன. உண்ணிச்செடியை மாடு ஒதுக்கிவிடும். தப்பித் தின்றால் கல்லீரல் கெடும். பெரணி அதைவிட மோசம். உலர்புல்லோடு கலந்து பரணுக்கு வந்துவிட்டால் குளிர்காலத்தில் வேறு வழியில்லாமல் மாடு தின்றுவிடும். உலர்ந்தாலும் அதன் நஞ்சு முழுமையாகப் போவதில்லை. மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்து, மூத்திரம் ரத்தமாகப் போகும். அதற்கு மருந்து கிடையாது. சிவப்பு மூத்திரம் போகிற மாட்டை ஊரார் தெய்வக் குற்றம் என்று கருதிய ஒரு ஊரில், பரணில் இருந்த கட்டுகளைப் பிரித்து, பெரணித் தண்டுகளைத் தனியே பொறுக்கிக் கூடையில் காட்டினோம். வெட்டும்போதே பெரணியை ஒதுக்குவது கூடுதல் வேலைதான். ஆனாலும் அந்த ஊரில் இன்று அதைச் செய்கிறார்கள். மாட்டுப் படுக்கைக்குக்கூடப் பெரணியைப் போடுவதில்லை.

மரத்தீவனத்துக்கு ஒரு கட்டுரையே தனியாக எழுத வேண்டும். பியூல் மரம் நம் ஊர்த் தடசு மரத்துக்குப் பங்காளி. வயல் வரப்பில் நிற்கும். மற்ற மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாகும்போது இது பச்சையாகவே இருக்கும். இலையில் 15 சதவீதத்துக்கு மேல் புரதம். முற்றிய காஸ்னிப் புல் மூன்று பங்கு, பியூல் இலை ஒரு பங்கு என்று கலந்தாலே ரூமனுக்குத் தேவையான அளவு வந்துவிடும். இலை தின்ற பிறகு மிஞ்சும் கொம்பை ஊறவைத்து நார் உரித்துக் கயிறு திரிப்பார்கள். அந்தக் கயிற்றால்தான் புல்கட்டு கட்டுவார்கள். இன்னும் உயரத்தில் பான் என்னும் ஓக் மரம். அதன் இலையில் துவர்ப்பு அதிகம், புரதம் குறைவு; ஆனால் பனிக்காலத்தில் வேறு பச்சை இல்லை. வருடா வருடம் உச்சிவரை கழித்தால் மரம் காய்க்காது. காய்க்காத மரத்துக்கு வாரிசு கிடையாது. கிளை கழிக்க ஏறி விழுந்து இடுப்பு முறிந்த பெண்கள் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டருகே வரப்பில் பத்து பியூல் கன்று நட்டு, ஆள் உயரத்திலேயே கழித்துக் கழித்து வளர்த்தால் அந்தக் காட்டு மரத்தில் யாரும் ஏற வேண்டியதில்லை.

ரோதாங்குக்கு வடக்கே லாஹௌலில் கதை வேறு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை ரோதாங் கணவாய் மூடியதும் அந்தப் பள்ளத்தாக்கு தனி உலகமாகிவிடும். ஆறு மாதத்துக்கும் அங்கே விளைந்ததுதான். மழை குறைவு, வெயில் காய்ச்சும், புல் இரண்டே நாளில் முறுகிவிடும். தட்டையான மண்கூரைகளின் ஓரம் முழுக்கப் புல்லும் வில்லோ விறகும் அடுக்கியிருப்பார்கள். வில்லோ இலையும் அவர்களுக்குத் தீவனம். அங்கே காய வைப்பது எளிது, விளைவிப்பதுதான் பாடு. பனி உருகிவரும் ஓடைநீரைக் கூல் என்னும் வாய்க்காலில் திருப்பினால்தான் ஒரு புல்லாவது முளைக்கும். ரோதாங்குக்குத் தெற்கே நான் சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது. ஒரே மாநிலத்துக்கு ஒரே தீவனக் கையேடு அச்சிடுவதை நான் கடைசிவரை எதிர்த்து வந்ததற்கு இதுதான் காரணம்.

பருவமழை முன்போல நாள் பார்த்து விடைபெறுவதில்லை. சாயிர் முடிந்த பிறகும் கொட்டித் தீர்க்கும் வருடங்களைப் பார்க்கிறோம். இதனால் வெட்டும் நாளைத் தேர்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. வேளாண் வானிலை அறிக்கை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதில் ஆப்பிளுக்கும் தக்காளிக்கும் அறிவுரை இருக்கும். காஸ்னிப் புல்லுக்கு ஒரு வரி இருப்பது அபூர்வம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்த வரி கட்டாயம் வேண்டும். 'அடுத்த மூன்று நாள் மழையில்லை, நாளைக் காலை பனி உலர்ந்ததும் வெட்டலாம்' என்று இருந்தால் போதும். அதைக் கைபேசியில் வாசித்துச் சொல்லப் பள்ளிக்குப் போகும் பெண் எல்லா வீட்டிலும் இருக்கிறாள்.

அறிக்கை பொய்த்துப்போகும் நாளும் வரும். வெட்டிய அன்றே மழை பிடித்தால் பதற வேண்டாம். புல் இன்னும் பச்சை, தண்ணீர் உள்ளே இறங்காது. அப்படியே கிடக்கட்டும், வெயில் வந்ததும் புரட்டினால் போதும். மூன்றாம் நாள் மழை வந்தால்தான் ஓட வேண்டும். முக்கால்வாசி காய்ந்த புல்லை நனையவிட்டால் அதன் சத்து சாறாகக் கரைந்து மண்ணுக்குப் போய்விடும். அன்றைக்குக் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் போய், சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டி, தார்ப்பாய் போர்த்தி, ஓரத்துக்குக் கல் வைக்க வேண்டும். மழை விட்டதும் முதலில் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், உள்ளே வேர்த்துக்கொண்டிருக்கும்.